அமெரிக்கச் சம்பந்தி வீட்டு ஹியூகனாட் வம்சம்: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பத்திரக்காரி, தண்டையார்பேட்டை:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி நம்ம பக்கத்து விஷயமே இல்லை. ஆனால் பழைய பதிவேடு, கல்லறை, வம்சாவளி என்று தோண்டுகிறவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பதால் கேட்கிறேன்.

என் தங்கச்சியைக் கட்டியவர் அமெரிக்கர். நியூயார்க் மாநிலம், நகரம் இல்லை, ஹட்சன் ஆற்றை ஒட்டி வடக்கே போனால் வரும் அல்ஸ்டர் கவுண்டி. அவருடைய அம்மாவுக்கு, அதாவது தங்கச்சியின் மாமியாருக்கு, ஹியூகனாட் வம்சாவளிச் சங்கம் ஒன்றில் உறுப்பினராகச் சேர வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஹியூகனாட் என்றால் பிரான்ஸில் கத்தோலிக்க அரசர்கள் காலத்தில் அடிபட்டு நாட்டை விட்டு ஓடிய புராட்டஸ்டன்ட்கள். சேர வேண்டுமானால் ஒவ்வொரு தலைமுறைக்கும் காகிதம் காட்டணுமாம். நான் பாரிமுனையில் வக்கீல் ஆபீஸில் மூலப்பத்திரம் படித்து வில்லங்கம் பார்க்கிற ஆள் என்று தங்கச்சி அங்கே பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறாள். அந்தம்மா வீட்டில் இருந்ததையெல்லாம் ஸ்கேன் செய்து எனக்கு அனுப்பிவிட்டார்.

வீட்டில் சொல்லும் கதை இது. பிரான்ஸில் பெரிய பிரபு குடும்பம். 1685-ல் பதினான்காம் லூயி நாண்ட் அரசாணையை ரத்து செய்து புராட்டஸ்டன்ட் வழிபாட்டையே தடை செய்ததும், அண்ணன் தம்பி மூன்று பேர் திராட்சை ரசப் பீப்பாய்க்குள் ஒளிந்து கப்பலேறி அமெரிக்கா வந்து, நியூ பால்ட்ஸ் என்ற ஊரை உண்டாக்கினார்கள். ஒருவர் அங்கேயே தங்கினார், ஒருவர் தெற்கே போனார், இன்னொருவர் என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது.

என் கையில் இருப்பது: குடும்ப பைபிளின் நடுப்பக்கம் (1830-களில் தொடங்குகிறது, அதற்கு மேலே ஒன்றும் இல்லை), 1850 கணக்கெடுப்பில் அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒருவருடைய பதிவு, அப்புறம் இணையத்தில் யாரோ போட்டு வைத்த குடும்ப மரம். அந்த மரம் 1660 வரை ஜம்மென்று போகிறது, ஆனால் எந்தப் பெயருக்குக் கீழேயும் ஆதாரம் என்று ஒரு வரி கிடையாது. நான் நேரே பிரெஞ்சு ஆவணக் காப்பகத் தளங்களில் தேட ஆரம்பிக்கலாமா? டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தால் வேலை முடிந்துவிடுமா? குடும்பப் பெயரே பிரெஞ்சுதானே, அது போதாதா என்று மாப்பிள்ளை கேட்கிறார். பெயரை இங்கே போடவில்லை, உயிரோடு இருப்பவர்கள் சமாச்சாரம்.

காசிமேடு எக்ஸ்பிரஸ்:

நம்ம வீட்டில் கொள்ளுத்தாத்தா பேர் கேட்டாலே ஆளாளுக்கு ஒரு பேர் சொல்வாங்க. நீங்க 1660-க்குப் போறீங்க. நடக்கட்டும் அக்கா, நான் ஓரமா உட்கார்ந்து படிக்கிறேன்.

ராயபுரத்தான்:

அக்கா, அமெரிக்க வம்சாவளிப் பதிவேடுகளைப் படித்து டைப் செய்து கொடுக்கிற வேலையை வீட்டிலிருந்தே கொஞ்ச காலம் செய்தேன், அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். நீளமாக இருக்கும்.

முதலில் கதையிலேயே ஒரு தேதி இடிக்கிறது. நியூ பால்ட்ஸ் 1685-க்குப் பிறகு வந்த ஊர் இல்லை. 1677-ல் எசோபஸ் பழங்குடியினரிடம் நிலத்தை வாங்கி, அதே வருஷம் ஆளுநர் எட்மண்ட் ஆண்ட்ரோஸிடம் பட்டா பெற்று, 1678-ல் குடியேறிவிட்டார்கள். பட்டாவில் இருப்பது பன்னிரண்டு பேர். டுபோயிஸ், ஹாஸ்ப்ரூக், டேயோ, பெவியர், லெஃபெவர், ஃப்ரியர், கிறிஸ்பெல் என்று ஒரு சில குடும்பங்கள்தான், பாதிப் பேர் ஒருவருக்கொருவர் மச்சான் மாமன் உறவு. இவர்கள் பிரான்ஸிலிருந்து நேரே கப்பலேறி வந்தவர்களும் இல்லை. பெரும்பாலும் வடக்கு பிரான்ஸ், வலூன் பகுதி (இப்போதைய பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசுகிற பக்கம்) ஆட்கள். அங்கிருந்து ஜெர்மனியில் மான்ஹைம் பக்கம் போய்ச் சில வருஷம் இருந்துவிட்டு, பிறகு அமெரிக்கா வந்தவர்கள். ஊரின் பெயரே அந்த பால்ட்ஸ் சீமையின் நினைவாக வைத்ததுதான். லூயி டுபோயிஸ் 1660-களின் தொடக்கத்திலேயே இப்போதைய கிங்ஸ்டன் பக்கம் வந்துவிட்டார், 1663-ல் எசோபஸ் தாக்குதலில் அவர் மனைவியும் பிள்ளைகளும் சிறைபிடிக்கப்பட்டு மூன்று மாதம் கழித்து மீட்கப்பட்டதெல்லாம் பதிவில் இருக்கிறது. ஆகவே உங்கள் சம்பந்தி வீட்டு முன்னோர் 1685-ல் ஓடினார் என்பது உண்மையானால் அவர் நியூ பால்ட்ஸை நிறுவியவர் இல்லை. நிறுவியவர் என்றால் 1685 தப்பு. இரண்டும் சேர்ந்து நிற்காது.

அப்புறம் அந்த மூன்று அண்ணன் தம்பி. அமெரிக்காவில் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் மூன்று அண்ணன் தம்பிதான் வந்திருப்பார்கள், ஒருவர் தெற்கே போயிருப்பார், ஒருவர் தொலைந்திருப்பார். ஒரே குடும்பப் பெயர் வெவ்வேறு ஊரில் இருப்பதற்கு விளக்கம் சொல்ல யாரோ கட்டியது. தெற்கே சௌத் கரோலினாவுக்கு ஹியூகனாட்கள் போனது தனிக்கதை, 1680-ல் ரிச்மண்ட் என்ற கப்பலில் ஒரு கூட்டம் சார்ல்ஸ்டன் போய் இறங்கியது. வர்ஜீனியாவில் ஜேம்ஸ் ஆற்றங்கரை மானக்கின் டவுனுக்குப் போனவர்கள் 1700-ல். அங்கே அதே பெயரில் ஒருவர் இருந்தார் என்பதற்காக அவரை நம்மாளுக்குத் தம்பியாக்க முடியாது.

நீங்கள் பத்திரம் பார்க்கிறவர், உங்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. வீடு வாங்க வருகிறவனுக்கு வில்லங்கம் பார்க்கும்போது, மூலப்பத்திரம் ஜமீன்தார் கொடுத்தது என்று ஒருவன் கதை சொன்னால் நீங்கள் ஜமீனிலிருந்தா தொடங்குவீர்கள்? இன்றைக்கு யார் பெயரில் இருக்கிறது, அவருக்கு யார் கொடுத்தது, அவருக்கு யார் கொடுத்தது என்று பின்னாலேயே போவீர்கள், நடுவில் ஒரு வாரிசு விட்டுப்போனால் அங்கேயே நிறுத்துவீர்கள். இங்கேயும் அதேதான். பிரான்ஸ் கடைசி. உங்கள் பிரச்சினை பிரான்ஸில் இல்லை, 1790-க்கும் 1850-க்கும் நடுவில் இருக்கிறது.

அந்த இடைவெளி எல்லோரையும் மாட்டிவிடும். அமெரிக்கக் கணக்கெடுப்பு 1790-ல் தொடங்கினாலும் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் எழுதினார்கள், மற்றவர்கள் எல்லாம் வயது வாரியாக வெறும் எண்ணிக்கை. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரும் 1850-லிருந்துதான். அதிலும் யார் யாருக்கு என்ன உறவு என்ற பத்தி 1880-ல்தான் வந்தது, அதனால் 1850-ல் ஒரே வீட்டில் இருக்கும் சின்னப் பையனை மகன் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடாதீர்கள், அண்ணன் மகனாக இருக்கலாம். நியூயார்க் மாநிலத்தில் பிறப்பு இறப்புப் பதிவு ஒழுங்காகத் தொடங்கியதே 1880 வாக்கில்.

ஆனால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நியூயார்க் மாநிலம் 1855-ல் தனியாக ஒரு கணக்கெடுப்பு எடுத்தது. அதில் உறவுமுறை இருக்கும், எந்தக் கவுண்டியில் பிறந்தார் என்று இருக்கும், அந்த ஊருக்கு வந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்பதும் இருக்கும். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம், ஒரு கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். பைபிளில் இருக்கும் பெரியவரை அதில் முதலில் பிடியுங்கள். அவர் அப்பா அமெரிக்கப் புரட்சிப் போரில் (பிரிட்டனிடமிருந்து விடுதலைக்கு நடந்த போர்) இருந்திருந்தால் ஓய்வூதியக் கோப்பு பாருங்கள். 1832 சட்டப்படி மனுப் போட்ட கிழவர்கள் எங்கே பிறந்தேன், எப்போது பிறந்தேன், எந்தப் படையில் இருந்தேன் என்று சத்தியப் பிரமாணமாகச் சொல்லியிருப்பார்கள். விதவை மனு என்றால் இன்னும் நல்லது, கல்யாணத்தை நிரூபிக்க பைபிள் பக்கத்தையே கிழித்து இணைத்தவர்கள் உண்டு. உயில், நிலப்பத்திரம் இரண்டும் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

பத்திரக்காரி, தண்டையார்பேட்டை:

ராயபுரத்தான் தம்பி, ரொம்ப நன்றி. ஜமீன் மூலப்பத்திரத்தோடு வருகிறவர்களை வாரம் ஒருமுறை பார்க்கிறேன், அதனால் உடனே புரிந்தது.

1855-ஐப் பார்த்துவிட்டேன். ஆளும் கிடைத்தார், மனைவி, பிள்ளைகள் பெயர் பைபிளோடு அப்படியே பொருந்துகிறது. ஆனால் பிறந்த கவுண்டி என்ற இடத்தில் அல்ஸ்டர் இல்லை, டச்சஸ் என்று இருக்கிறது. அல்ஸ்டருக்கு வந்தது பெரிய ஆளாகி, கல்யாணம் ஆன பிறகு. வரைபடத்தில் பார்த்தால் ஹட்சனுக்கு எதிர்க்கரை. இப்போது அந்த இணைய மரம் என்ன ஆகும்? அதில் அவருடைய அப்பா, தாத்தா எல்லோரும் நியூ பால்ட்ஸில் பிறந்து நியூ பால்ட்ஸிலேயே இறந்ததாக இருக்கிறது.

ராயபுரத்தான்:

அருமை. அந்த மரத்தை அப்படியே தூக்கிப் போடுங்கள். யாரோ நியூ பால்ட்ஸ் பதிவேட்டில் அதே பெயரில் ஒருவரைப் பார்த்து, நம்மாள்தான் என்று கட்டிவிட்டிருக்கிறார்கள், அதற்குப் பிறகு நூறு பேர் அதைப் பார்த்து நகலெடுத்திருப்பார்கள். நூறு மரத்தில் இருக்கிறதே என்று யாராவது சொன்னால், மூலம் எங்கே என்று மட்டும் கேளுங்கள். அந்த ஊரில் ஆபிரகாம், ஐசக், ஜேக்கப் எல்லாம் ஒரு தலைமுறைக்கு நாலைந்து பேர் இருப்பார்கள். இன்னொன்று, அந்தக் காலத்துப் பதிவில் ஜூனியர் என்று போட்டிருந்தால் மகன் என்று அர்த்தம் இல்லை. ஊரில் அதே பெயரில் இருக்கும் இரண்டு பேரில் இளையவர், அவ்வளவுதான். சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாதவர்களாகவும் இருக்கலாம்.

டச்சஸ் என்பதால் கதை சுவாரசியமாகிறது. ஆற்றைத் தாண்டிப் போன நியூ பால்ட்ஸ் குடும்பங்களும் உண்டு, அதனால் அந்த வழியை முழுசாக அடைக்க வேண்டாம். ஆனால் டச்சஸுக்குத் தெற்கே கடலோரத்தில் வெஸ்ட்செஸ்டர் கவுண்டியில் நியூ ரோஷெல் என்று இன்னொரு ஹியூகனாட் ஊர் இருக்கிறது, அங்கிருந்தும் நிலம் தேடி வடக்கே டச்சஸுக்கு வந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள்தான் உண்மையிலேயே 1685 ரத்துக்குப் பிறகு ஓடி வந்தவர்கள். லா ரோஷெல் துறைமுகத்தின் பெயரைத்தான் ஊருக்கு வைத்தார்கள். 1689-ல் ஜான் பெல் என்ற நிலக்கிழார் 6,000 ஏக்கரை ஜேக்கப் லைஸ்லருக்கு விற்றார், லைஸ்லர் அதை ஹியூகனாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். பிரெஞ்சு சர்ச்சுக்கென்று தனியாக 100 ஏக்கர். வருஷா வருஷம் ஜூன் 24 அன்று, கேட்டால், ஒரு கொழுத்த கன்றுக்குட்டி கொடுக்க வேண்டும் என்று பத்திரத்திலேயே ஷரத்து இருக்கிறது. உங்களுக்குப் பிடிக்குமே என்றுதான் அதைச் சொன்னேன்.

ஆக, கதையில் 1685-ம் கப்பலும் நிஜமாக இருக்கலாம், ஊர்தான் மாறியிருக்கலாம். அல்ஸ்டரில் குடியேறின பிறகு பக்கத்தில் இருக்கிற பேர்பெற்ற ஹியூகனாட் ஊரோடு சேர்த்துக்கொண்டார்கள் என்பது என் ஊகம். ஊகம்தான், விண்ணப்பத்தில் எழுதிவிடாதீர்கள்.

நியூ ரோஷெல் பக்கம் போவதானால், நியூயார்க் நகரத்துப் பிரெஞ்சு சர்ச்சின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடு 1688 முதல் 1804 வரைக்கும் 1886-லேயே அச்சாகிவிட்டது, ஹியூகனாட் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா போட்டது, காப்புரிமை காலம் எப்போதோ முடிந்ததால் ஸ்கேன் இலவசமாகவே கிடைக்கும். நியூ ரோஷெல் சர்ச் ஆட்களில் பெரும்பகுதி 1709-ல் ஆங்கிலிக்கன் சபைக்கு மாறிவிட்டார்கள், அதனால் அதற்குப் பிறகு பிரெஞ்சுப் பதிவில் காணோம் என்றால் செத்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

பெரம்பூர் அங்கிள்:

யம்மா, நான் லோகோவில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன், ஆங்கிலோ இந்தியன், பெரம்பூரில்தான் வாசம். என் சொந்த வம்சத்தைத் தேடிய அனுபவத்தில் அந்தப் பெயர் விஷயத்துக்கும் டிஎன்ஏ விஷயத்துக்கும் மட்டும் பதில் சொல்கிறேன்.

பெயர் பிரெஞ்சு, ஆகவே ஆள் பிரெஞ்சு என்று மாப்பிள்ளை நினைக்கிறார் இல்லையா, அவரை அடுத்த முறை இங்கே வரும்போது ராயபுரம், காசிமேடு பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். பெர்னாண்டோ, டிசில்வா, டிகுரூஸ் என்று வீட்டுக்கு வீடு இருக்கிறது. அவர்களுடைய முன்னோர் எல்லோரும் லிஸ்பனிலிருந்தா வந்தார்கள்? ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாரிடமிருந்தும் ஞானத் தகப்பனிடமிருந்தும் வந்த பெயர்கள் எத்தனையோ. அப்படியே பிரெஞ்சுக்காரராகவே இருந்தாலும் ஹியூகனாட் என்று ஆகிவிடாது. பிரான்ஸில் பெரும்பான்மை கத்தோலிக்கர்கள், அமெரிக்காவுக்குக் கனடா வழியாக வந்த கத்தோலிக்கப் பிரெஞ்சுக்காரர்கள் ஏராளம். பெல்ஜியம் பக்கத்து வலூன்களும், ஜெர்ஸி, குவெர்ன்சி தீவுக்காரர்களும் பிரெஞ்சுப் பெயரோடுதான் வந்தார்கள்.

இன்னொன்று, இதைப் பேசாமல் விட்டுவிடுவார்கள். நியூ பால்ட்ஸ் ஹியூகனாட்கள் மதச் சுதந்திரம் தேடி வந்தவர்கள், சரி, ஆனால் ஆப்பிரிக்க அடிமைகளை வைத்திருந்தவர்களும் அவர்களேதான். சௌத் கரோலினாவில் நெல் வயலுக்கு இன்னும் அதிகம். நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை முற்றாக ஒழிந்தது 1827 ஜூலை 4. அடிமையாகப் பிறந்து பிறகு அடிமை ஒழிப்புக்காகப் போராடிய சோஜர்னர் ட்ரூத் என்ற பெண் பிறந்து வளர்ந்தது அதே அல்ஸ்டர் கவுண்டியில், கடைசியாக அவரை வைத்திருந்த முதலாளியின் குடும்பப் பெயர் டுமோன்ட். 1826-ல் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டை விட்டு நடந்தே வெளியேறினார். விடுதலையான பல பேர் முதலாளி வீட்டுப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். ஆகவே அதே குடும்பப் பெயரோடு ஒரு கறுப்பினக் குடும்பம் தேடலில் வந்தால் அது வேறு ஆள் என்று தள்ளிவிட வேண்டாம், உறவு இல்லாமலும் இருக்கலாம், இருக்கவும் செய்யலாம். 1790 கணக்கெடுப்பில் அடிமைகள் எத்தனை பேர் என்று ஒரு பத்தியே இருக்கும். அந்த எண்ணை சம்பந்தி அம்மாவிடம் மறைக்காமல் கொடுங்கள்.

டிஎன்ஏ. சாதாரண டெஸ்ட் ஐந்தாறு தலைமுறைக்குள் நல்ல வேலை செய்யும். அதற்கு மேலே ஒவ்வொரு தலைமுறைக்கும் பாதி பாதியாகக் குறைகிறது, பத்து தலைமுறை மேலே போனால் 1,024 முன்னோர்கள், அதில் பல பேரிடமிருந்து நமக்கு ஒரு துணுக்குகூட வந்திருக்காது. முடிவில் "பிரெஞ்சு 3 சதவீதம்" என்று வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றும் நிரூபணம் ஆகாது. பிரான்ஸில் இந்த மாதிரி வீட்டு டெஸ்ட்டுக்குச் சட்டப்படி தடை, அதனால் ஒப்பிட்டுப் பார்க்க அங்கத்து ஆட்களும் குறைவு. ஒய்-டிஎன்ஏ என்று அப்பா வழி மட்டும் பார்க்கிற டெஸ்ட் இருக்கிறது, அது வேண்டுமானால் உதவும். மாப்பிள்ளையும், நியூ பால்ட்ஸ் வம்சம் என்று காகிதத்தால் நிரூபித்த ஒருவரும் எடுத்து, இரண்டும் பொருந்தவில்லை என்றால் அந்த வழி அடைபட்டது என்று கிட்டத்தட்டத் தீர்மானிக்கலாம். ஆனால் குடும்பப் பெயர் மாமியார் வழியாக வந்ததா, மாமனார் வழியாக வந்ததா என்று நீங்கள் சொல்லவில்லையே? மாமியாரின் பிறந்த வீட்டு வம்சம் என்றால் மாப்பிள்ளை எடுப்பதில் பிரயோஜனம் இல்லை, அந்தம்மாவின் அண்ணன் தம்பி யாராவது எடுக்க வேண்டும்.

என் கதை கேட்டால், வீட்டில் பிரெஞ்சு அதிகாரி பரம்பரை என்றுதான் பாட்டி சொல்வார். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் மதராஸ் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல் இருக்கிறது, அவற்றின் வழியாக மேலே போனேன். கடைசியாகக் கிடைத்தது கம்பெனிப் படைவீரன் ஒருவனுடைய பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த பதிவு. அப்பா பெயர் இருக்கிறது. அம்மா பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒன்றுமே எழுதவில்லை. இந்த ஊர்ப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். வழி அங்கேயே நின்றது.

ஹியூகனாட்களுக்கு நம்ம ஊரோடும் தொடர்பு உண்டு, சம்பந்தி அம்மாவிடம் சொல்லுங்கள். பாரசீகத்துக்குப் பயணம் போனவரும் நகை வியாபாரியுமான ஜான் ஷார்டான் ஹியூகனாட், பிரான்ஸை விட்டு இங்கிலாந்து போனவர். அவர் தம்பி டேனியல் 1680-களில் வைர வியாபாரத்துக்காக மதராஸ் வந்து, இங்கேயே இறந்தார். அதே காலத்தில் கோட்டையில் ஆளுநராக இருந்த எலிஹு யேல் பிறந்தது பாஸ்டனில், கல்யாணம் 1680-ல் கோட்டை செயின்ட் மேரீஸ் சர்ச்சில். உங்கள் ஆபீஸிலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

காசிமேடு எக்ஸ்பிரஸ்:

அங்கிள் சொன்ன பெயர் விஷயம் உண்மை. எங்க தெருவிலேயே அஞ்சு பெர்னாண்டோ, யாரும் யாருக்கும் சொந்தம் இல்லை. கன்றுக்குட்டியை இப்பவும் கொடுக்கிறாங்களான்னு யாராவது கேட்டுச் சொல்லுங்க.

பத்திரக்காரி, தண்டையார்பேட்டை:

அங்கிள், நல்ல கேள்வி கேட்டீர்கள். வம்சம் மாமனார் வழி, அவர் காலமாகிவிட்டார். அந்தம்மா கணவர் வீட்டு வழியாகச் சேர முடியுமா என்பதே சந்தேகம். தன் ரத்த வழியாக இருக்க வேண்டும் என்றுதான் விதிமுறையில் படித்தேன். அப்படியானால் மகனோ பேரனோதான் சேர முடியும். இதை அவரிடம் யார் சொல்வது என்று தங்கச்சியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு சந்தேகம். டச்சஸ் கவுண்டி டச்சு சர்ச் ஞானஸ்நானப் பதிவு ஒன்று கிடைத்தது. குடும்பப் பெயர் எழுத்துக்கூட்டல் வேறு, அம்மாவுக்கு அப்பா பெயரோடு சம்பந்தமே இல்லாத வேறு குடும்பப் பெயர், தேதி 1731/2 என்று கோடு போட்டு இரண்டு வருஷம். எந்த வருஷம்? ஹியூகனாட் எதற்கு டச்சு சர்ச்சில் இருக்கிறார்?

வண்ணாரப்பேட்டை வாசகி:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், இந்த மூன்றிலும் எல்லோரும் தடுக்கி விழுவார்கள்.

டச்சு சர்ச்சில் இருப்பது சாதாரண விஷயம். நியூயார்க் முதலில் டச்சுக்காரர்கள் காலனி, ஹியூகனாட்களும் டச்சு சீர்திருத்த சபையும் கால்வின் என்ற சீர்திருத்தவாதியின் வழிதான், கொள்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. பக்கத்தில் பிரெஞ்சு சர்ச் இல்லையென்றால் டச்சு சர்ச்சுக்குப் போனார்கள், பிள்ளைகள் டச்சு வீட்டில் பெண் எடுத்தார்கள். நியூ பால்ட்ஸ் சர்ச் பதிவேடே முதலில் பிரெஞ்சு, அப்புறம் டச்சு, கடைசியில் ஆங்கிலம். எழுதுகிற பாதிரியார் டச்சுக்காரர் என்றால் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், ஆகவே எழுத்துக்கூட்டலைப் பார்த்து ஆளைத் தள்ளவும் வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம். கிங்ஸ்டன் டச்சு சர்ச்சின் பதிவேடு 1660-லிருந்து இருக்கிறது, 1777 அக்டோபரில் பிரிட்டிஷ் படை ஊரையே கொளுத்தியும் அது தப்பியது, 1891-ல் புத்தகமாக வந்தது. அல்ஸ்டர் வழி என்றால் அதுதான் முதல் புத்தகம்.

அம்மாவின் பெயர் வேறாக இருப்பது உங்களுக்கு அதிர்ஷ்டம். டச்சுப் பழக்கத்தில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் சர்ச் பதிவில் இருப்பார்கள். ஆங்கிலேயர் பதிவில் இது கிடைக்காது. கீழே சாட்சிகள் என்று இரண்டு பேர் இருப்பார்களே, அவர்களை விடாதீர்கள். பெரும்பாலும் தாத்தா பாட்டி, இல்லை மாமா அத்தை. பெயர் வைப்பதிலும் ஒழுங்கு இருக்கும். முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர், பெண் பிள்ளைகளுக்குப் பாட்டிகள் பெயர். நம்ம வீடுகளில் வைக்கிற மாதிரியேதான், ஆனால் கண்டிப்பான சட்டம் இல்லை, துப்பு மட்டும்தான். ஒரு பிள்ளை இறந்தால் அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை வைப்பார்கள், அதனால் ஒரே பெற்றோருக்கு இரண்டு பீட்டர் என்றால் முதலாவது இறந்திருக்க வேண்டும்.

தேதிக்கு வருகிறேன். 1752 வரை இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் பழைய ஜூலியன் நாட்காட்டிதான், அதிலும் வருஷம் பிறப்பது மார்ச் 25-ல். ஆகவே ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரை வருகிற தேதிகளுக்கு இரண்டு வருஷமும் எழுதினார்கள். உங்கள் 1731/2 நம் கணக்கில் 1732. பிரான்ஸில் 1582-லேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டார்கள், அதனால் ஒரே ஆளுடைய பிரான்ஸ் தேதிக்கும் நியூயார்க் தேதிக்கும் பத்து, பதினோரு நாள் வித்தியாசம் வந்தால் பதற வேண்டாம். டச்சு பாதிரியார்கள் சில பேர் ஜனவரியிலேயே வருஷத்தைத் தொடங்கிவிடுவார்கள், முந்தைய பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் பார்த்து அந்தப் பதிவேட்டின் வழக்கம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அச்சான பழைய குடும்ப வரலாற்றுப் புத்தகங்கள் விஷயத்திலும் எச்சரிக்கை. குஸ்டாவ் அஞ்சூ என்று ஒருவர் ஸ்டேட்டன் ஐலண்டில் உட்கார்ந்துகொண்டு, பணக்கார அமெரிக்கர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு போலி வம்சாவளி தயாரித்தார், நிஜப் பதிவுகளுக்கு நடுவில் இல்லாத பிறப்பையும் உயிலையும் செருகிவிடுவார். அவர் விற்ற மரங்கள் இன்றும் சுற்றுகின்றன. வேண்டுமென்றே செய்யாமலும் நடக்கும். 1620-ல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா வந்த மேஃப்ளவர் கப்பலில் இருந்த பிரிசில்லா மல்லின்ஸை ரொம்ப காலம் ஹியூகனாட் என்று எழுதினார்கள், அப்பா வில்லியம் இங்கிலாந்தில் சர்ரி டார்க்கிங் ஊர்க்காரர். நியூ பால்ட்ஸில் இன்றும் நிற்கிற அந்தக் காலத்துக் கல் வீடுகளுக்கே பழைய புத்தகங்கள் முந்தைய தேதி கொடுத்திருந்தன, உத்தர மரத்தின் வளையங்களை ஆராய்ந்த பிறகு ஜான் ஹாஸ்ப்ரூக் வீடு 1721 என்று ஆயிற்று. நேரில் நிற்கிற வீட்டுக்கே இந்த நிலை.

பிரான்ஸுக்குப் போகிற நாள் வந்தால், மாவட்ட ஆவணக் காப்பகங்கள் பழைய பதிவேடுகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. 1685-க்கு முந்தைய புராட்டஸ்டன்ட் பதிவேடுகள் நிறைய அழிந்துவிட்டன, லா ரோஷெலில் கணிசமாகத் தப்பியிருக்கிறது. ஊர் எது என்று அமெரிக்கக் காகிதத்திலிருந்தே தெரிந்தால் ஒழிய அங்கே போய்ப் பெயரை வைத்துத் தேடுவது வீண் வேலை. நடுவில் லண்டன் இருக்கும், மறந்துவிடாதீர்கள். பல பேர் அங்கே சில வருஷம் இருந்துவிட்டுத்தான் கப்பலேறினார்கள், த்ரெட்நீடில் தெரு பிரெஞ்சு சர்ச் பதிவேடுகள் அச்சில் இருக்கின்றன. ஹாலந்து வழியாக வந்தவர்களுக்கு வலூன் சர்ச் பதிவுகளின் அட்டைத் தொகுப்பு இருக்கிறது.

ராயபுரத்தான்:

வாசகி மேடம் சொன்னதோடு ஒன்று. அந்த 1732 குழந்தையும் 1855 ஆளும் ஒரே குடும்பம் என்பதற்கு இன்னும் ஆதாரம் வரவில்லை, நடுவில் ஒன்றிரண்டு தலைமுறையாவது இருக்க வேண்டும். டச்சஸ் கவுண்டி உயில்களில் அந்தக் குடும்பப் பெயரை மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். 1855 ஆளுடைய அம்மா யார் என்று கண்டுபிடியுங்கள், அவளுடைய அப்பாவின் உயிலில் "என் மகள் இன்னாள், இன்னாருடைய மனைவி" என்று ஒரு வரி கிடைத்தால் அப்பா பெயர் உறுதியாகிவிடும். நிலத்துக்குப் பங்குப் பிரிவினை ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது, வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

பத்திரக்காரி, தண்டையார்பேட்டை:

பங்குப் பிரிவினைப் பத்திரம் என்றதும்தான் எனக்கு உற்சாகமே வருகிறது. டச்சஸ் நிலப்பத்திரப் பெயர் அட்டவணையில் விற்றவர், வாங்கியவர் இரண்டு பட்டியலும் திறந்து பார்த்துவிட்டேன், 1810-ஐ ஒட்டி அதே குடும்பப் பெயரில் ஏழு பேர் சேர்ந்து ஒரே நாளில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் ஒன்று இருக்கிறது. அப்பா இறந்து பிள்ளைகள் பாகம் விட்டுக்கொடுத்த மாதிரிதான் தெரிகிறது. உள்ளே முழுப் பக்கமும் கையெழுத்து, மங்கலாக இருக்கிறது, சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள், அன்றைக்கு உட்கார்ந்து படித்துவிட்டுப் போடுகிறேன், பெயர்களை மறைத்துத்தான்.

சம்பந்தி அம்மாவிடம் தங்கச்சியே பேசிவிட்டாள். மகன் பெயரில் விண்ணப்பம் போடலாம் என்றதும் சமாதானம் ஆகிவிட்டாராம். பீப்பாய் கதையை மட்டும் விட மாட்டேன் என்கிறார். வீட்டில் சொல்லிக்கொள்ளட்டும், விண்ணப்பத்தில் வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன்.

காசிமேடு எக்ஸ்பிரஸ்:

ஏழு பேர் கையெழுத்தா? எங்க வீட்டுப் பாகத்துக்கு நாலு பேரைச் சேர்க்க முடியாம இன்னும் கோர்ட்டில் கிடக்கு. சனிக்கிழமை போடுங்க அக்கா, நானும் படிக்கிறேன்.